ஒரு பெடலும் நாற்பது கிதார்களும்

பெட்டியைப் பிரித்தபோது அது உள்ளங்கையில் அடங்கிவிட்டது. கிதாரின் ஒலியை மாற்றும் பெடல் அது: சின்ன உலோகப் பெட்டி, மேலே மூன்று திருகுகள், ஒரு ஸ்விட்ச், காலால் மிதிக்க ஒரு பொத்தான். இதற்காகத்தான் நான்கு மாதம் காசு சேர்த்திருந்தேன். கிதாரைச் செருகினேன், ஆம்பை (ஒலிபெருக்கியை) போட்டேன், கரகரப்பைக் கூட்டும் சஸ்டெய்ன் திருகைக் கடைசி வரை திருப்பினேன். ‘செரப் ராக்’ பாட்டின் தொடக்க ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிதார் துண்டை, வாசித்தேன். தீப்பெட்டிக்குள் அடைத்த பொன்வண்டு போல ஒரு சத்தம் வந்தது.

பத்து நிமிடம் திருகுகளோடு மல்லுக்கட்டினேன். பொன்வண்டு கொஞ்சம் பெரிய தீப்பெட்டிக்கு மாறியது, அவ்வளவுதான்.

‘செரப் ராக்’ இருக்கும் ஆல்பம், ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘சயமீஸ் ட்ரீம்’. அதை நான் முதலில் கேட்டது கல்லூரி விடுதியில், நண்பன் ஒருவன் எழுதிக் கொடுத்த எம்பி3 தட்டில். முதலில் டிரம்ஸின் ஒரு சிறு உருட்டல், பிறகு ஒரு கிதார், பிறகு இன்னொன்று, பிறகு திடீரென்று எண்ண முடியாத அளவுக்குக் கிதார்கள். ஈரக் கம்பளியைப் போர்த்தினாற்போல ஒரு கனம். ஆனால் அந்தக் கனத்துக்குள்ளே ஒவ்வொரு சுரமும் தனியாகக் கேட்டது. இரண்டும் ஒன்றாக எப்படி இருக்க முடியும் என்பது அன்றைக்கும் புரியவில்லை. ரொம்ப காலம் என் பதில் ஒன்றுதான்: எல்லாம் அந்த பெடல். கிதார் வாசிக்கிற கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

அந்த பெடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் பிக் மஃப். ஃபஸ் வகை. கிதாரின் ஒலி அலையைக் கண்டபடி பெருக்கி, உச்சியையும் அடியையும் வெட்டித் தட்டையாக்கி அனுப்புகிற வேலை. வழக்கமான பிக் மஃபில் நான்கு டிரான்சிஸ்டர்கள் இருக்கும். 1970களின் கடைசியில் வந்த ஒரு வகையில் மட்டும் அவற்றுக்குப் பதில் ஆப்-ஆம்ப் என்கிற பெருக்கிச் சில்லுகளை வைத்தார்கள். பம்ப்கின்ஸின் பாடகரும் கிதாரிஸ்டுமான பில்லி கார்கன் கையில் சிக்கியது அதுதான். அந்தக் காலத்தில் பெரிதாக யாரும் சீண்டாத வகை. இந்த ஆல்பத்துக்குப் பிறகு அதற்கு வந்த கிராக்கியைப் பார்த்து, 2017இல் நிறுவனமே சின்ன அளவில் மறுபடி செய்து விற்கத் தொடங்கியது. நான் வாங்கியது அந்த மறுபதிப்பு.

பிக் மஃபுக்கு ஒரு சுபாவம் உண்டு. தாழ்ந்த அதிர்வெண்களையும் உயர்ந்த அதிர்வெண்களையும் நிறைய கொடுக்கும், நடுவில் குழி தோண்டிவிடும். கிதார் நம் காதில் கிதாராகக் கேட்பதே அந்த நடு அதிர்வெண்களால்தான். அதனால் தனியாக வாசிக்கும்போது பூதாகரமாக இருக்கிற ஒலி, டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் காணாமல் போய்விடும். கார்கன் அதை நூறு வாட் மார்ஷல் ஜேசிஎம்800 ஆம்புக்குள் அனுப்பினார். மார்ஷலுக்கு நடு அதிர்வெண்கள் தூக்கல். ஒன்று தோண்டின குழியை இன்னொன்று நிரப்பியது.

கிதார் என்று பார்த்தால் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், 1957 மாடலின் மறுபதிப்பு. அதில் லேஸ் சென்சார் பிக்கப்கள் (கம்பியின் அதிர்வை மின் அலையாக்குவது பிக்கப்). சாதாரண ஸ்ட்ராட் பிக்கப் ஒற்றைச் சுருள் என்பதால் சும்மா இருக்கும்போதே ‘ஹ்ம்ம்’ என்று இரையும். லேஸ் சென்சாரில் இரைச்சல் மிகக் குறைவு. ஒரு கிதாருக்கு இது பெரிய விஷயமில்லை. முப்பது, நாற்பது கிதார்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்போகிறவனுக்கு அது உயிர் போகிற விஷயம், ஏனென்றால் இரைச்சலும் கூடவே அடுக்கிக்கொண்டு போகும். (இதற்கு முந்தைய ஆல்பமான ‘கிஷ்’ஷில் கார்கன் வாசித்தது வேறொரு ஸ்ட்ராட், 1974 மாடல். குழுவின் டிரம்மர் ஜிம்மி சேம்பர்லினிடமிருந்து 275 டாலருக்கு வாங்கியது. 1992இல் டெட்ராய்ட்டில் ஒரு கச்சேரி முடிந்த கையோடு திருடுபோய், 2019இல் அவரிடமே திரும்பி வந்தது. காணாமல்போன பொருள் வீடு வந்து சேரும் கதைகள் எனக்கு எப்போதும் பிடிக்கும், அதனால் சொன்னேன்.)

சரி, பெடல் இருக்கிறது. மார்ஷல் இல்லை, ஆனால் அதைப் போலவே ஒலிக்கும் மென்பொருள் மடிக்கணினியில் இருக்கிறது. ஒலி மட்டும் வரவில்லை. ‘அவர்கள் நிறைய அடுக்கினார்கள், நாமும் அடுக்குவோம்’ என்று முடிவுசெய்தேன். ரிஃபை ஒரு முறை ஒழுங்காக வாசித்துப் பதிவு செய்தேன். அந்த டிராக்கை காப்பி எடுத்து ஒட்டினேன். இன்னொன்று. இன்னொன்று. எட்டு டிராக்குகள். திரையில் பார்க்க அமர்க்களமாக இருந்தது.

அக்காவைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தேன். முதலில் ஒரு டிராக், அப்புறம் எட்டும் சேர்த்து. கேட்டுவிட்டு, “என்னடா மாத்தின? சத்தம் கூடியிருக்கு, அவ்வளவுதானே?” என்றாள். அவளுக்குக் கிதாரில் ஒரு கம்பிகூடத் தெரியாது. ஆனால் காது பொய் சொல்லவில்லை. ஒரே பதிவை இரண்டாக அடுக்கினால் 6 டெசிபல் கூடும். வேறொன்றும் நடக்காது. எட்டு அடுக்கினால் 18 டெசிபல். வால்யூம் திருகைத் திருப்பியதற்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. ஈயடிச்சான் காப்பிக்கு இதுதான் மரியாதை.

விடவில்லை. ஒரு காப்பியை மட்டும் சில மில்லி விநாடி தள்ளி வைத்தேன். இப்போது ஏதோ மாறியது, ஆனால் குழாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு கேட்பது போல ஒலி உள்ளீடற்றுப் போனது. ஒரே அலை தன்னோடு தானே மோதும்போது சில அதிர்வெண்கள் கூடும், சில ஒன்றையொன்று கொன்றுவிடும். சீப்பின் பற்கள் மாதிரி இடைவெளி விட்டு விட்டு ஓட்டை விழும். இந்தக் குழாய்ச் சத்தத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

ஆல்பத்தின் தயாரிப்பாளர் புட்ச் விக், கூடவே கார்கனும். விக், விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் ஸ்மார்ட் ஸ்டுடியோஸ் என்ற ஒலிப்பதிவுக்கூடத்தை நடத்திக்கொண்டிருந்தவர். ‘கிஷ்’ அங்கேதான் பதிவானது. அதே 1991இல் அவர் தயாரித்த, நிர்வாணா என்ற குழுவின் ‘நெவர்மைண்ட்’ உலகத்தைப் புரட்டிப்போட்டது. அதன் பதிவின்போது நடந்ததாக விக் சொல்லும் ஒரு சம்பவம் பிரபலம். குரலை இரண்டாம் முறை பாடி முதல் குரலின்மேல் அடுக்கலாம் என்றால் அந்தக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் ஒப்புக்கொள்ளவில்லை, அது ஏமாற்று வேலை என்று நினைத்தார். பீட்டில்ஸின் ஜான் லெனனும் இப்படித்தான் செய்தார் என்று விக் சொன்னாராம். கோபேன் மறுபேச்சில்லாமல் போய்ப் பாடிவிட்டார்.

இதில் முக்கியமான சொல் ‘இரண்டாம் முறை பாடி’ என்பது. காப்பி எடுத்து அல்ல. மனிதன் ஒரே வரியை இரண்டு முறை பாடினால் இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போகாது. ஒன்றில் ஒரு சொல் நூலிழை முன்னால் விழும், இன்னொன்றில் சுருதி ஒரு மயிரிழை மேலே நிற்கும். இரண்டு நாதஸ்வரங்கள் சேர்ந்து ஊதும்போது ஒரு மினுமினுப்பு வருமே, அது அந்தச் சின்ன ஒட்டாமையில்தான் வருகிறது. இடது காதுக்கு ஒரு வாசிப்பு, வலது காதுக்கு இன்னொரு வாசிப்பு என்று பிரித்து வைத்தால், அந்த வித்தியாசங்களை மூளை அகலமாகப் புரிந்துகொள்ளும். இரண்டு காதிலும் எப்போதும் ஏதாவது நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் கார்கனுக்கும் விக்குக்கும் இருந்த திட்டம்.

பதிவு நடந்தது 1992 டிசம்பர் முதல் 1993 மார்ச் வரை, ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டாவை ஒட்டிய மேரியெட்டா என்ற ஊரில், ட்ரைக்ளாப்ஸ் சவுண்ட் ஸ்டுடியோஸில். சிகாகோக்காரர்கள் அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் உண்டு. தெரிந்த முகங்கள் கண்ணில் படக்கூடாது. சேம்பர்லினின் போதைப் பழக்கத்துக்குச் சிகாகோவில் இருந்த தொடர்புகளும் அறுபட வேண்டும். இரண்டாவது நடக்கவில்லை. அங்கேயும் புது ஆட்களைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் காணாமல் போனார். கிதாரிஸ்ட் ஜேம்ஸ் ஈஹாவும் பேஸ் வாசித்த டார்சி ரெட்ஸ்கியும் காதலர்களாக இருந்து பிரிந்தவர்கள். கார்கனோ மன அழுத்தத்தின் அடியில் கிடந்தார். ‘நெவர்மைண்ட்’ அளவுக்கு ஒரு ஆல்பம் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு தலைக்கு மேல் தொங்கியது. பதிவில் கேட்கும் கிதார், பேஸ் பகுதிகளில் பெரும்பாலானவற்றைக் கார்கனே வாசித்தார் என்பது ஊரறிந்த கதை. சர்வாதிகாரி என்று பெயர் வாங்கினார். எனக்கு இதில் இரண்டு மனசு. கூட இருப்பவர்களை உட்காரவைத்துவிட்டு அவர்கள் வேலையையும் நானே செய்வேன் என்பது நல்ல குணமில்லை. ஆனால் நாற்பது அடுக்கும் ஒரே கையிலிருந்து வருவதால்தான் அவை குழம்பாமல் ஒட்டுகின்றன என்றும் தோன்றுகிறது. ஒருவர் கம்பியை அடிக்கும் விதம் அவர் கையெழுத்து மாதிரி. நாற்பதும் ஒரே கையெழுத்து, ஆனால் நாற்பது தடவை எழுதியது.

நாற்பது என்பது நான் அடித்துவிடும் எண் இல்லை. ‘சோமா’ என்ற பாட்டில் நாற்பது கிதார்கள் வரை அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பாட்டின் முதல் பாதியில் அதற்கான அறிகுறியே தெரியாது. ஃபஸ் இல்லாத ஒரு கிதார் தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் நடப்பது போலப் போகும், பின்னால் ஆர்.ஈ.எம். குழுவின் மைக் மில்ஸ் பியானோ வாசிப்பார். பிறகு அணை உடையும்.

அது கணினித் திரை இல்லாத வேலை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் நாடா. இரண்டங்குல அகல நாடாவில் 24 டிராக். டிரம்ஸ், பேஸ், குரல் போக மிச்சத்தில் நாற்பது கிதாரை எங்கே வைப்பது? நாலைந்து வாசிப்புகளை ஒன்றாகக் கலந்து ஒரு டிராக்கில் இறக்குவது, பிறகு அந்த நாலைந்தையும் அழித்து அங்கே புதிதாகப் பதிவது என்பதுதான் அந்தக் காலத்து வழி. கலந்தது கலந்ததுதான், மூன்றாவது கிதாரைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று பிறகு யோசிக்க வழியில்லை. வெட்டி ஒட்டுவதற்குப் பிளேடு. 45 விநாடிப் பகுதி ஒன்றுக்கே சில சமயம் இரண்டு நாள் ஆனது. ஒரு நாள் என்றால் 16 மணி நேரம்.

இதைப் படித்த பிறகுதான் ஒழுங்காக உட்கார்ந்தேன். காப்பிகளை எல்லாம் அழித்தேன். ஆம்பின் முன்னால் ஒரு எஸ்எம்57 மைக்கை வைத்து, ரிஃபை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். ஒரு வாசிப்பு இடதுபக்கம், ஒன்று வலதுபக்கம். இரண்டே இரண்டு. அக்காவுக்கு மறுபடி ஹெட்போன். இந்தத் தடவை அவள் முகம் மாறியது. “இது ரெண்டு பேர் வாசிச்சதா?” என்றாள். நான்தான் இரண்டு தடவையும் என்றேன். நம்பவில்லை.

மூன்றாவது, நான்காவது வாசிப்புகளில் வேறு பாடங்கள் காத்திருந்தன. ஒன்று, சுருதி. நாலு நிமிடம் ஓங்கி அடித்தால் கம்பி இறங்கிவிடும். ஒவ்வொரு டேக்குக்கு (ஒரு முறை வாசித்துப் பதிவதற்கு) முன்னாலும் டியூன் செய்யாவிட்டால் நான்காவது அடுக்கிலேயே புளித்த மாவு வாடை. கொஞ்சம் விலகினால் செழிப்பு, இன்னும் கொஞ்சம் விலகினால் அபசுரம். நடுவே இருக்கிற இடம் ஊசிமுனை. இரண்டு, ஃபஸ். ஒற்றைக் கிதாராகக் கேட்கும்போது ‘இது போதாதே’ என்று தோன்றும் அளவுக்கு ஃபஸ்ஸைக் குறைத்தால்தான் அடுக்கும்போது சரியாக வருகிறது. கடைசி வரை திருப்பின சஸ்டெய்னோடு ஆறு டேக் அடுக்கினால் கிதார் இருக்காது, கொதிக்கிற எண்ணெய்தான் இருக்கும். மூன்று, பல சுரங்களை ஒன்றாக அடிக்கிற முழு கார்டு ஃபஸ்ஸுக்கு ஆகாது. சுரங்கள் உள்ளே ஒன்றோடொன்று மோதிப் புதிது புதிதாகக் குப்பைச் சுரங்களை உண்டாக்கும். இரண்டு சுரம், இல்லாவிட்டால் ஒரே சுரத்தின் மேல் கீழ் என்று ஆக்டேவ் பிடிப்பது, மற்றதை இன்னொரு டேக்கில் தனியாக வாசிப்பது. ‘செரப் ராக்’ ரிஃபே ஆக்டேவ் பிடிதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கனத்துக்குள்ளே ஒவ்வொரு சுரமும் தனியாகக் கேட்கிறதே என்று விடுதியில் வியந்தேனே, பாதி விடை இங்கே இருக்கிறது.

அடுக்குவது கார்கன் கண்டுபிடித்ததில்லை. லெஸ் பால் 1940களின் இறுதியிலேயே தன் கிதாரை ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்தார். குயீனின் பிரையன் மே, பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ் எல்லாரும் 1970களில் அடுக்கிக் காட்டியவர்கள்தான். ஆனால் 1993இல், ஆல்டர்னேட்டிவ் குழுக்களிடையே அந்தப் பெயர்களைச் சொல்வதே கௌரவக் குறைச்சல். கரடுமுரடாகப் பதிவு செய்வதுதான் நேர்மை என்று நம்பிய காலம். அந்தக் காலத்தில் ஒருவர் உட்கார்ந்து இழைத்து இழைத்துச் செய்திருக்கிறார். எனக்கு இந்த ஆல்பத்தின்மேல் இருக்கிற மரியாதையில் பாதி அதற்காக.

பதிவு முடிந்தபோது கார்கனும் விக்கும் சக்கையாகிவிட்டிருந்தார்கள். செலவு 2,50,000 டாலரைத் தாண்டியிருந்தது. பதிந்ததையெல்லாம் அளவு பார்த்துக் கலக்கும் மிக்ஸிங் வேலையைச் செய்யத் தெம்பில்லாமல் ஆலன் மோல்டர் என்ற ஆங்கிலேயரை அழைத்தார்கள். இரண்டு வாரத்தில் முடியும் என்று ஸ்டுடியோ பிடித்தார், 36 நாள் ஆனது.

மோல்டரைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மை பிளடி வேலன்டைன் என்ற குழுவின் ‘லவ்லெஸ்’ ஆல்பத்தில் வேலை செய்தவர் அவர். 1991இல் வந்த அந்த ஆல்பத்தைக் கேட்டால் நூறு கிதார்கள் கரைந்து ஓடுவது போல இருக்கும். உண்மையில் அதில் கிதார் டிராக்குகள் மிகக் குறைவு என்று அந்தக் குழுவின் கிதாரிஸ்ட் கெவின் ஷீல்ட்ஸ் பல தடவை சொல்லியிருக்கிறார். கிதாரின் சுருதியை ஏற்றி இறக்கும் டிரெமலோ நெம்புகோலைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, சுருதியை மெல்ல வளைத்தபடியே வாசிப்பது, அதைத் தலைகீழ் ரிவெர்பில் (பின்னோக்கி ஒலிக்கும் எதிரொலியில்) அனுப்புவது. அடுக்கினால் கிடைக்கிற சின்னச் சுருதி விலகல்களை அவர் ஒரே வாசிப்புக்குள் கையாலேயே கொண்டுவந்துவிட்டார். ஒன்றை நூறாகக் காட்டியவரின் பதிவில் தேறிய மோல்டர், நிஜமாகவே நாற்பது இருந்த பதிவை ஒன்றாகக் கேட்கவைக்க 36 நாள் உட்கார்ந்தார்.

இப்போது அந்தக் குழாய்ச் சத்தம். ‘செரப் ராக்’கின் சோலோ வரும் இடத்தில், கிதார் ஏதோ ஜெட் விமானத்தின் வயிற்றுக்குள் போய்வருவது போல ஒரு சுழற்சி கேட்கும். அது பெடல் இல்லை. பழைய நாடா வித்தை. ஒரே சோலோவை இரண்டு நாடாக்களில் ஓடவிட்டு, ஒன்றின் வேகத்தை லேசாக மாற்றி, இரண்டையும் கலப்பது. நான் மில்லி விநாடி தள்ளிவைத்து நொந்துபோனேனே, அதே ஓட்டைகள்தான். ஆனால் இங்கே தள்ளிவைக்கும் அளவு நிற்காமல் மாறிக்கொண்டே இருப்பதால் சீப்பு மேலும் கீழும் நகர்கிறது. 1966இல் லண்டனின் அபி ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் கென் டவுன்சென்ட் என்ற பொறியாளர், ஒரே வரியை இரண்டு தடவை பாட அலுத்துக்கொண்ட லெனனுக்காகச் செய்த நாடா ஏற்பாட்டின் வாரிசு இது. லெனனுக்கு வேண்டியிருந்தது வேலையில்லாமல் இரண்டாவது குரல். அதைக் கார்கன் எடுத்துக்கொண்டது சுழற்சிக்காக. ஆல்பம் முழுக்க இரண்டாவது குரலை, இரண்டாவது கிதாரை உழைத்தே செய்தவர்.

கடைசியாக ‘மயோனைஸ்’. ஈஹாவும் கார்கனும் சேர்ந்து எழுதியது. எனக்கு இந்த ஆல்பத்தில் மிகப் பிடித்த பாட்டு. அதில் கிதார் நின்று நின்று வரும் இடங்களில், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கீச்சென்று ஒரு விசில் கேட்கும். ரொம்ப நாள் அது ஏதோ சிந்தசைசர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கார்கன் 65 டாலருக்கு வாங்கிய ஒரு மட்டமான கிதார் அது. வாசிப்பதை நிறுத்தினால் போதும், தானாக விசிலடிக்கும். பிக்கப் சரியில்லாத கிதார் ஆம்போடு சண்டை போடும் சத்தம். நாற்பது டேக் வாசித்து ஒரு நூலிழை பிசகையும் பிளேடால் வெட்டுகிற மனுஷன், இதை மட்டும் வெட்டவில்லை. அது விசிலடிக்க வசதியாக இடம்விட்டு வாசித்திருக்கிறார்.

என்னிடம் இப்போது ஆறு டேக் இருக்கிறது. பெடலின் சஸ்டெய்ன் பாதியில் நிற்கிறது. ஐந்தாவது டேக்கில் இரண்டாவது சுற்றின்போது தெருவில் காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கி விழுந்திருக்கிறது, தனியாகக் கேட்டால் தக்காளி விலை தெரியும். மற்ற ஐந்தோடு சேர்ந்தால் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.